எண்பது வந்ததும்

அமராவதியின் குரலுக்கு வயது முப்பத்தொன்பது. அமராவதிக்கு ஐம்பத்து மூன்று.

குரலைப் பதிவு செய்த ஆண்டிலிருந்து அவர் உடம்பில் ஒவ்வொரு தசையாக ஓய்ந்தது. இப்போது கண்கள் மட்டும் அசைகின்றன. கண்கள் திரையில் எழுத்துகளைத் தொடும். மடிக்கணினி அவற்றை அவருடைய பழைய குரலில் பேசும். ஒரு வாக்கியத்துக்கு அரை நிமிடம் ஆகும்.

அந்தக் குரலை எடுத்துக்கொண்டு போகத்தான் நஸ்ரின் தாராபுரம் வந்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. கோவை ஆய்வகத்தின் வண்டி அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டது. கையில் ஒரு பை. பையில் ஒரு பதிவுக் கருவி, ஒரு சம்மதப் படிவம், பேட்டரியை வைத்து எடுத்துப்போக ஓர் எஃகு டப்பா.

வாசலில் அமராவதியின் கணவர் சென்னியப்பன் நின்றிருந்தார். காங்கேயத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் எடைமேடை பார்ப்பவர். அரை நாள் விடுப்புப் போட்டிருந்தார். உள்ளே அழைப்பதற்கு முன் அவளைச் சுவரோரம் கூட்டிப்போய் ஒரு மின்பெட்டியைக் காட்டினார். புதியது. மேலே மூன்று சந்தனப் பொட்டுகள், நடுவில் குங்குமம். கீழே காய்ந்துபோன எலுமிச்சம்பழம்.

"தனி லைனுங்க மேடம். வந்து மூணு மாசமாச்சு. நான் மனு எழுதாத ஆபீஸ் இல்ல."

"எதுக்கு சார் தனி லைன்?"

"சித்த காதக் குடுத்துக் கேளுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில். மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. மிளகாய் நெடி.

"ராக்கியப்பன்னு ஒருத்தன். அவன் மோட்டாரப் போட்டான்னா எங்கூட்டுல வோல்டேஜ் விழுந்துரும். சார்ஜர் சிவப்பு லைட்டப் போட்டுட்டு நின்னுக்கும். மறுபடி ஓடோணும்னா காப்பாளர் கட்டைவிரல் வெக்கோணும். காப்பாளர் நாந்தான். நான் ஏழரை பஸ்ஸுக்குப் போனா ஆறு மணிக்குத்தான் வருவேன். அதுக்குள்ள பிளக்குல கரண்டு நின்னுபோகும்."

அந்த ஆண்டுகளில் வீட்டு பிளக்குகளுக்குப் பகலில் வரும் சூரிய மின்சாரம் மட்டும்தான். காலை ஆறரை முதல் மாலை ஐந்து வரை. அதன் பிறகு விளக்கும் விசிறியும் ஓடும், வேறு எதுவும் ஓடாது.

"சாயங்காலம் வந்து பாத்தா நாப்பது இருக்கும். முப்பத்தஞ்சு இருக்கும். அதோட விடியற வரைக்கும் உக்காந்திருக்கோணும். அவன் நல்லா இருப்பானா?"

"இப்ப?"

"இப்ப எப்பப் பாத்தாலும் நூறு." சென்னியப்பனின் முகம் மலர்ந்தது. "தேங்கா ஒடச்சேன் மேடம்."

அமராவதி ஜன்னலோரம் சாய்வுக் கட்டிலில் இருந்தார். முன்னால் ஒரு தாங்கியில் மடிக்கணினி. அதை வீட்டில் பெட்டி என்றார்கள். சார்ஜர் பச்சையாக எரிந்தது. மூடியில் அரசின் ஒட்டுச்சீட்டு. எழுத்துகள் மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. 'எப்போதும் முழுமையாக மின்னேற்றி வைக்கவும்.' ஜன்னல் வெயில் மூடிமேல் விழுந்தது. நஸ்ரின் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

"வாங்க," என்றது குரல். இளமையான, கொஞ்சம் கிண்டலான குரல். நஸ்ரின் அதை எதிர்பார்க்கவில்லை. அரை நிமிடம் கழித்து அடுத்தது வந்தது. "மிளகா நெடிக்குத் தும்மல் வரலையா?"

"வருதுக்கா."

"தும்முங்க. என்னால முடியறதில்ல."

நஸ்ரின் தும்மினாள். சென்னியப்பன் சிரித்தார். பிறகு அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். அவர் சிரிப்பு நின்றது.

"எனக்குச் சட்டம் தெரியுமுங்க," என்றார். "ஒரு குரலுக்கு ஒரு பெட்டி. நகல் எடுக்கப்படாது. வேற பெட்டிக்கு மாத்தப்படாது. பேட்டரி போனா குரலும் போயிரும். அல்லாம் மனப்பாடம்."

"ஏன் அப்படிப் போட்டாங்கன்னு தெரியுமா சார்?"

"கள்ளக்குரலுக்கு."

"ஆமா. செத்துப்போன மகன் குரல்ல போன் பண்ணிப் பெத்தவங்கள ஏமாத்தினாங்க. அதனால குரலைத் திறக்கிற சாவிய, பேட்டரி உயிரோட இருக்கிற வரைக்கும் மட்டும் இருக்கிற மாதிரி செஞ்சாங்க. பேட்டரியோட கொள்ளளவு நாப்பதுக்குக் கீழ போச்சுன்னா சாவி அழிஞ்சுரும்."

"இதுதான் நூறு இருக்குதே."

"அது சார்ஜ் சார். பாத்திரம் நெறஞ்சிருக்குன்னு அர்த்தம். கொள்ளளவுங்கிறது பாத்திரத்தோட அளவு. வருசா வருசம் பாத்திரம் சின்னதாகும். நெறச்சா அப்பவும் நூறுன்னுதான் காட்டும்."

சென்னியப்பன் பெட்டியைப் பார்த்தார். அவர் இதுவரை பார்த்தது ஒரே ஓர் எண்ணைத்தான்.

"எட்டு வருசம் வரும்னுதான் குடுத்தாங்க," என்றார்.

"அப்ப இந்த நோய் வந்தவங்க அஞ்சு வருசத்துக்கு மேல இருந்ததில்ல. எட்டு தாராளம்னு நெனச்சாங்க. அப்புறம் மருந்து வந்துருச்சு. ஆளுங்க இருக்காங்க. பேட்டரிதான் நிக்கல." நஸ்ரின் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னும் நானூத்திப் பன்னண்டு பேர் இந்தப் பெட்டியில பேசறாங்க. ஏழு வருசம், எட்டு வருசம் ஆன பெட்டிங்க. பாதிப் பேருக்கு அம்பதுக்குக் கீழ வந்துருச்சு. அக்காவுது பதினாலு வருசம். போன சோதனையில எண்பத்து மூணு."

போன மாதம் பல்லடத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் பெட்டி மூடிக்கொண்டபோது நஸ்ரின் பக்கத்தில் இருந்தாள். அவர் பேத்தியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெயரின் முதல் எழுத்து வந்தது. அதோடு சரி.

அவள் அதைச் சொல்லவில்லை.

"அக்காவோட பேட்டரி ஏன் கெடலன்னு தெரிஞ்சா மத்தவங்க குரலைக் காப்பாத்தலாம். அதுக்கு அதைப் பிரிச்சுப் பாக்கணும்."

"பிரிச்சா?"

"சாவி போயிரும். வேற பெட்டி குடுப்போம். பொதுக்குரல்ல பேசும்."

"பொதுக்குரல்னா? ரயிலு வருது போகுதுன்னு ஸ்டேசன்ல ஒரு பொம்பள சொல்லுமே, அதுங்களா?"

நஸ்ரின் தலையசைத்தாள்.

"அந்தப் பொம்பளையோட நான் குடித்தனம் பண்ணோணுமா?" அவர் எழுந்துவிட்டார். "கையெழுத்தெல்லாம் ஆகாதுங்க மேடம். நீங்க காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

"காப்பாளர் கையெழுத்து தேவையில்ல சார். அக்காவோடது போதும். அவங்க சொன்னா, அவங்களுக்காக நான் போடலாம்."

அமராவதியின் கண்கள் திரையில் நகர்ந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"போடறேன்," என்றது குரல்.

சென்னியப்பன் மனைவியைப் பார்த்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

நஸ்ரினுக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பேட்டரி வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்கக்கா. அவசரமில்ல."

"அவசரம்தான். எப்படியும் போகப்போறது. நாலு பேருக்கு ஆகட்டும்."

"யார் சொன்னது போகப்போறதுன்னு?"

"எண்பத்து மூணு இருந்துச்சு. இப்ப பாருங்க."

நஸ்ரின் கருவியை இணைத்தாள். எழுபத்தொன்பது. பதினான்கு ஆண்டுகளில் பதினேழு புள்ளிகள் இறங்கிய பேட்டரி, மூன்று மாதத்தில் நான்கு புள்ளிகள் இறங்கியிருந்தது.

பிரிப்பதற்கு முன் பேட்டரியின் நாள்பதிவை நகலெடுக்க வேண்டும். விதி அது. பிரிக்கப்போகும் பேட்டரிக்கு மட்டும்தான் அந்த விதி. அதனால் உயிரோடிருக்கும் பேட்டரியின் நாள்பதிவை இதுவரை யாரும் படித்ததில்லை. நஸ்ரின் படித்தாள்.

முதல் இரண்டு ஆண்டுகள் தினமும் மின்னேற்றம் பாதியில் நின்றிருந்தது. ஒரு நாள் அறுபதில், ஒரு நாள் எழுபதில், ஒரு நாள் எண்பத்தைந்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நூறு. பொங்கலுக்கு மூன்று நாள் நூறு. ஆயுத பூஜைக்கு நூறு.

சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் நின்றது. யாரோ மாவைத் தட்டிக் கொட்டும் சத்தம் கேட்டது. ஞாயிறும் பொங்கலும் ஆயுத பூஜையும் ஓய்வெடுப்பது எது என்று நஸ்ரினுக்குப் புரிந்தது.

மூன்றாம் ஆண்டில் ஐந்து மாதம் தினமும் நூறு. அந்த ஐந்து மாதத்தில் கொள்ளளவு ஐந்து புள்ளிகள் விழுந்திருந்தது.

அதன் பிறகு எண்பது. மறுநாள் எண்பது. அதற்கு மறுநாள் எண்பது. ஞாயிறு தவிர பதினோரு ஆண்டுகள் எண்பது. நேரம் மாறியது. வெயில் நாளில் எட்டே முக்கால், மேகமூட்டமான நாளில் பதினொன்று. எண் மாறவில்லை. கொள்ளளவு ஆண்டுக்கு ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.

கடைசி மூன்று மாதம் நூறு.

நஸ்ரின் எழுந்து சார்ஜரைப் பிடுங்கினாள். பெட்டியை வெயிலிலிருந்து நகர்த்தி வைத்தாள். பிறகு கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா. மோட்டார் ஓடினா வோல்டேஜ் விழும், சார்ஜ் நிக்கும். சரி. எண்பது ஆச்சுன்னு மோட்டாருக்கு எப்படித் தெரியும்?"

அமராவதி அவளைப் பார்த்தார். கண்கள் திரைக்குத் திரும்பின.

"அவர் எங்க?"

நஸ்ரின் ஜன்னல் வழியே பார்த்தாள். "தெருமுனையில நிக்கறார். டீக்கடைக்கிட்ட."

"நான் பாலிடெக்னிக்ல லேப் அசிஸ்டன்ட். பேட்டரி லேப்."

நஸ்ரின் காத்திருந்தாள். அமராவதி பேசி முடிக்க நீண்ட நேரம் பிடித்தது. இடையில் அவள் எதுவும் கேட்கவில்லை.

"மூணாவது வருசம் மில்லுக்காரர் புது மோட்டார் வாங்கினார். அது கரண்டை மெதுவா எடுக்கும். வோல்டேஜ் விழல. தெனமும் நூறு. இவருக்குச் சந்தோசம். எனக்கு அந்த வருசச் சோதனையில அஞ்சு கொறஞ்சுது. அப்பத்தான் புரிஞ்சுது. அந்தப் பழைய மோட்டார் என்னைக் காப்பாத்திட்டு இருந்திருக்கு."

"ஒரு நாள் மில்லுக்காரர் சண்டைக்கு வந்தார். இவர் முன்னாடியே அவர் மேல மனு போட்டிருந்தார். இவர் வீட்ல இல்ல. நான் இருந்தேன். அவர்கிட்ட கேட்டேன். பழைய மோட்டாரை விக்காதீங்கன்னு."

"எண்பது வந்ததும் கூப்பிடுவேன். சத்தத்தைக் கூட்டி வெச்சு, அண்ணான்னு ஒரு தடவ. அவர் பழைய மோட்டாரை ஒரு நிமிசம் போடுவார். சிவப்பு லைட் வந்துரும்."

ஜன்னலுக்கு நேராகச் சுவர். சுவருக்கு மேலே மில்லின் தகரக் கூரை தெரிந்தது.

"சார்கிட்டயே சொல்லியிருக்கலாமேக்கா? எண்பது போதும்னு."

"முதல் வருசம் ஒரு நாள் சொன்னேன். இந்தப் பெட்டி வேண்டாம், இவ்வளவு போதும்னு. அன்னைக்கிருந்து அவருக்குப் பயம். போதும்ங்கிற வார்த்தையே ஆகாது. எண்பது போதும்னு நான் சொன்னா, சாகறதுக்கு வழி தேடறேன்னு நெனப்பார். மூடியில வேற எழுதியிருக்கு. அவர் என்னை விட மூடிய நம்புவார்."

கண்கள் ஓய்ந்தன. மறுபடி நகர்ந்தன.

"தெனமும் சாயங்காலம் இவர் முப்பத்தஞ்சைப் பாத்துப் பயந்தார். அந்தப் பயத்தைக் குடுத்தது நான். மில்லுக்காரரை நிக்க வெச்சுத் திட்டுவார். அந்தத் திட்டும் எனக்குச் சேர வேண்டியது. அவர் வாங்கிக்கிட்டார். பதினோரு வருசம். நான் நன்றி சொன்னதில்ல. சுவர் தாண்டிச் சத்தமா நன்றி சொல்ல முடியுமா? இவர் காதுல விழுந்துரும்."

நஸ்ரின் மில்லுக்குப் போனாள். ராக்கியப்பனுக்கு அறுபத்தாறு வயதிருக்கும். புருவமெல்லாம் மாவு. மல்லிப் பொடியை ஒரு பெண்ணின் வாளியில் தட்டிக்கொண்டிருந்தார். மூலையில் இரண்டாவது மோட்டார் இருந்தது. பெரியது, பழையது. பெல்ட் இல்லை. எதையும் சுற்றாத மோட்டார். ஆனால் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தது.

"இது ஓடுமா?" என்று கேட்டாள்.

"ஓடாம என்னுங்க. காத்தால ஒரு நிமிசம் போடுவேன்."

"எதுக்கு?"

"துருப் புடிச்சிரக்கூடாதில்லீங்களா. அம்மிணி யாரு? பழைய இரும்பு எடைக்கு வாங்கறவங்களா?"

"பேட்டரி ஆபீஸ். அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

ராக்கியப்பன் வாளிக்காரப் பெண்ணை அனுப்பிவிட்டு வந்து மூட்டைமேல் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மாவு இடம் மாறியது, போகவில்லை.

"மூணு மாசமா பிரயோசனமில்லீங்க. அந்தாளு தனி லைன் வாங்கிப்போட்டான். என்ற மோட்டாரு ஓடினா என்ன, ஓடாட்டி என்ன. தங்கச்சியும் கூப்பிடறத நிறுத்திருச்சு. நான் மட்டும் தெனமும் போட்டுட்டிருக்கேன்."

"ஏன்?"

"ஒருவேள கூப்பிட்டு, எனக்குக் காது கேக்காமப் போயிருந்துச்சுன்னா?"

நஸ்ரினும் ஒரு மூட்டையில் உட்கார்ந்தாள்.

"அவர் உங்களை அவ்வளவு திட்டியிருக்கார். நிறுத்திரலாம்னு தோணலையா?"

"தோணாம என்னுங்க. அன்னைக்குச் சண்டை போடத்தான் போனேன். எதிர்ல பாத்தா, ஒரு வார்த்தைக்கு அரை நிமிசம் ஆகற ஆளு. அதுகூட எப்படிங்க சண்டை போடறது? அது பேசி முடிக்கறதுக்குள்ள எனக்குக் கோவம் ஆறிப்போச்சு." அவர் சிரித்தார். "என்ற மோட்டாரால டிவி கெட்டுச்சு, மிக்ஸி கெட்டுச்சுன்னு ஊரே வந்து பேசியிருக்குது. நல்லது நடந்துச்சுன்னு வந்தது அது ஒண்ணுதான். அதுக்கே நான் கடமைப்பட்டிருக்கேன்."

"கொள்ளளவு எழுபத்தொம்பது இருக்கு. எண்பதுல நிறுத்தினா இன்னும் பல வருசம் வரும்."

"இன்னும் பல வருசமா?" ராக்கியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நாந்தான் மொதல்ல போவேன்."

வெளியே வந்து நஸ்ரின் இயக்குநரை அழைத்தாள்.

"பேட்டரி கொண்டு வரலை சார். பதிவு மட்டும் கொண்டு வரேன்."

"சம்மதம் தரலையா?"

"தந்தாங்க. பிரிக்கத் தேவையில்ல. விடை பேட்டரிக்குள்ள இல்ல."

"பின்னே எங்க இருக்கு?"

"நாம ஒட்டின சீட்டுல. எப்போதும் முழுமையாகன்னு எழுதினோமே, அதுல. நானூத்திப் பன்னண்டு பேரும் அதைப் படிச்சு அப்படியே செஞ்சிருக்காங்க."

"வாசகம் என்னன்னு அனுப்பு," என்றார் இயக்குநர். "இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

சென்னியப்பன் திரும்பி வந்தபோது நஸ்ரின் மூடியில் பழைய சீட்டின்மேல் புதிய சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். கையால் எழுதியது. கீழே அவள் கையெழுத்து, ஆய்வக முத்திரை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"எண்பதில் மின்னேற்றத்தை நிறுத்தவும். முப்பதுக்குக் கீழே இறங்க விடவேண்டாம். வெயிலில் வைக்க வேண்டாம்." நிமிர்ந்தார். "எண்பதா?"

"எண்பது சார்."

"மிச்சம் இருவது?"

"மிச்சம் இருபதை நெறச்சு நெறச்சுத்தான் எல்லாரோட பேட்டரியும் போயிருக்கு. வயிறு முட்டத் தின்னுட்டுப் படுத்தா எப்படி இருக்கும்? தெனமும் அப்படி இருந்தா? அது மாதிரிதான்."

"இது உத்தரவுங்களா?"

"உத்தரவு. இன்னும் ரெண்டு நாள்ல எல்லார் வீட்டுக்கும் போகும்."

"அப்ப பேட்டரியைப் பிரிக்கலியா?"

நஸ்ரின் படிவத்தை எடுத்துக் காட்டினாள். கையெழுத்து இடம் காலியாக இருந்தது. அதை நான்காக மடித்துப் பையில் போட்டாள். சென்னியப்பன் கைகூப்பினார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அமராவதியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கேட்டார். "சிவப்பு லைட்டு எரியறப்ப நம்பர் எத்தனையில நின்னிருக்கும் மேடம்?"

"எண்பதுல."

"தெனமும்?"

"பதினோரு வருசமா தெனமும்."

"எனக்குத் தெரியாது. நான் வர்றப்ப முப்பத்தஞ்சு ஆயிருக்கும்." அவர் ஜன்னலைப் பார்த்தார். "அப்ப அந்த மோட்டாருதான்."

நஸ்ரின் சார்ஜர் வயரைச் சுருட்டி வைத்தாள்.

"நான் தனி லைன் வாங்கி..."

"மூணு மாசம்தான் சார். நாலு புள்ளிதான் போச்சு."

அவர் மனைவியிடம் திரும்பினார். "லேப்ல வேலை பாத்தவ நீ. கொறையறது உனக்குத் தெரிஞ்சிருக்குமில்ல? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

அரை நிமிடம் ஆயிற்று.

"தேங்கா ஒடச்சீங்க."

சென்னியப்பன் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"போன வருசம் ஒரு நாள் டிபன் டப்பாவ மறந்துட்டுப் பாதி வழியில திரும்பி வந்தேன். உள்ள இவ சத்தமா..." என்றார். பிறகு நிறுத்திக்கொண்டார். நஸ்ரின் காத்திருந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எண்பதுல தானா அணையற பிளக் ஒண்ணு செய்யலாம்," என்றாள் அவள். "ஆனா இந்தப் பெட்டியோட எதைச் சேக்கறதுன்னாலும் அனுமதி வாங்கணும். ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் யாராவது கையால பிடுங்கணும். சூரிய மின்சாரம், நேரம் வெச்சும் சொல்ல முடியாது. நீங்க ஏழரைக்குப் போயிருவீங்க."

"பாத்துக்கிற செல்வி மத்தியானந்தான் வரும்." அவர் எழுந்தார். "ஒரு ஆளு இருக்குது."

கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல் சுவரை ஒட்டிக் கிடந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். சென்னியப்பன் அதன்மேல் ஏறி நின்றார். எப்போதும் திட்டுவதற்கு ஏறும் கல். நஸ்ரின் கதவருகில் நின்றாள்.

"ராக்கியண்ணா."

மோட்டார் நின்றது. மாவுப் புருவங்கள் சுவருக்கு மேலே வந்தன.

"யாரைக் கூப்பிட்டே? என்னையா?"

"உங்களத்தானுங்க."

"இந்தத் தடவ மனு எங்க போட்டிருக்கறே? டெல்லிக்கா?"

"மேடம் வந்து பாத்தாங்க. உங்க மோட்டாருதான் இவ குரலைக் காப்பாத்தி வெச்சிருக்குதாம்."

ராக்கியப்பன் நஸ்ரினைப் பார்த்தார். நஸ்ரின் மல்லிகைச் செடியைப் பார்த்தாள்.

"அப்படியா," என்றார் அவர். "தெரியாமப் பண்ணுனது."

"தெரியாமப் பண்ணுனாலும் பண்ணுனது நீங்க." சென்னியப்பன் கல்லின்மேல் நின்றபடி கைகூப்பினார். கை சுவருக்கு மேலே தெரிந்தது. "நான் பேசினது கொஞ்ச நஞ்சமில்ல."

"மில்லுச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழுகல. விடு."

"இன்னொரு ஒத்தாசை பண்ணோணும். மோட்டாரால இனி ஆகாது. காத்தால ஒரு எட்டு எங்கூட்டுக்கு வந்து பிளக்கைப் புடுங்கிப்போட்டுப் போகோணும். கதவைச் சாத்தி மட்டும் வெச்சிட்டுப் போறேன்."

"எப்ப வரோணும்?"

"எண்பது வந்ததும்."

"அது சரி." ராக்கியப்பன் துண்டால் புருவத்தைத் துடைத்தார். முகத்தில் ஒன்றுமறியாத பாவம். "எண்பது வந்துச்சுன்னு சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கற எனக்கு எப்படியப்பா தெரியும்?"

சென்னியப்பன் கல்லிலிருந்து இறங்கினார். வேட்டியை உதறிக் கட்டினார்.

"அவ கூப்பிடுவா," என்றார். "எப்பவும் போல."

மில்லில் பெல்ட் மெல்லச் சுழன்று ஓய்ந்தது.

அரை நிமிடம் ஆயிற்று. ஜன்னலுக்குள்ளிருந்து முப்பத்தொன்பது வயதுக் குரல், சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பேசியது.

"அண்ணா, இன்னைக்கு வாசல் வழியா வாங்க."